தொலைபேசியில் டாக்டரின் ஆலோசனையும் மருந்துச் சீட்டும்

காரைக்கால் பகுதியில் நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்தது குரும்பகரம் என்னும் சிற்றூர். சுற்றிலும் தமிழ்நாட்டு மாவட்டங்கள். ஆட்சியோ புதுச்சேரியைச் சேர்ந்தது. இத்தகைய ஊரில் வாழும் உழவர் ஒருவர், மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ உள்ள தனியார் டாக்டரிடம் இரத்த அழுத்தத்திற்கு வைத்தியம் பெற்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பா நடவு மும்முரமாக நடக்கும் சமயத்தில் அவருடைய மாத்திரை தீர்ந்துவிடுகிறது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவர் பஸ் ஏறுவாரா? "நடவு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று மாத்திரையை நிறுத்திவிடுவோரே நம்மிடையே மிகுதி. இரத்த அழுத்தம் வலியின்றி ஏறுவது. ஏறியதை உடம்பு சொல்வதில்லை. பக்கவாதம் வந்து கை விழுந்த பின்னரே வீட்டார் அறிகின்றனர்.

இந்த உழவர் தம் டாக்டருடன் தொலைபேசியில் பேசி மருந்துச் சீட்டுப் பெறச் சட்டம் இடந்தருகிறதா? தருகிறது. கொள்ளை நோய்க் காலத்தில், 2020 மார்ச் 25 அன்று, மத்திய சுகாதார அமைச்சகம் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதற்கு முன்பும் டாக்டர்கள் தொலைபேசியில் யோசனை கூறி வந்தனர். ஆனால் எது செல்லும், எது செல்லாது என்பதில் தெளிவில்லை. இப்போது பதிவு பெற்ற டாக்டர் எவரும் இந்தியாவின் எப்பகுதியில் உள்ள நோயாளிக்கும் இம்முறையில் ஆலோசனை கூறலாம். ஆகவே காரைக்கால் எல்லையைத் தாண்டிய டாக்டர் என்பது ஒரு தடையன்று.

எனினும், தொலைபேசியில் கேட்டால் எந்த மருந்தும் கிடைக்கும் என்று கருதுவது தவறு. டாக்டர் நம்மை முன்பு பார்த்திருக்கிறாரா என்பதும், இப்போது நம் முகத்தைக் காண்கிறாரா, குரலை மட்டும் கேட்கிறாரா என்பதும் இங்கே முக்கியம். நேரில் பார்த்து 6 மாதத்திற்குள், அதே நோய்க்காக மீண்டும் பேசினால், பழைய மருந்தைத் தொடர்ந்து எழுதித் தரலாம். தேவையானால் அதனுடன் வேறொரு மருந்தையும் சேர்க்கலாம். மேலே கூறிய உழவரின் நிலை இதுவே. வெறும் குரல் பேச்சே அவருக்குப் போதும். புதிதாக ஒரு டாக்டரை முதன்முறையாக அழைப்பவருக்கோ, குரல் பேச்சில் கிடைக்கக் கூடியவை பாரசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் போன்ற எளிய மருந்துகளே. கைபேசியில் ஒருவரையொருவர் காணும் வீடியோ முறையில் பேசினால், கண் சொட்டு மருந்து, தோல் களிம்பு முதலியவற்றையும் எழுதலாம். கண்ணின் சிவப்பையும் தோலின் தடிப்பையும் காணாமல் மருந்து எழுதுவது எப்படி? விதி செய்தோர் இவ்விடத்தில் நியாயமாகவே நடந்திருக்கின்றனர். போதை தரும் மருந்துகளும், மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையில் உள்ளவையும், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, எம்முறையிலும் எழுதப்படலாகா. நேரில் வந்தே தீரவேண்டும் என்று டாக்டர் கூறிவிட்டால், அது அவருடைய உரிமை. அதில் கோபங்கொள்ள ஏதுமில்லை.

இங்கே உழவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நேரில் சென்றால் டாக்டர் நம் காலிலுள்ள சேற்றுப் புண்ணைக் காண்பார். கண்ணின் நிறத்தைப் பார்ப்பார். தொலைபேசியில் நாம் சொன்னது மட்டுமே அவருக்குத் தெரியும். நகரத்தில் அமர்ந்திருக்கும் டாக்டரிடம், "மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி" என்று மட்டும் சொன்னால் அவர் சாதாரணக் காய்ச்சல் என்றே எண்ணக் கூடும். "நான் வயலில் தேங்கிய நீரில் நின்று வேலை செய்கிறவன், கெண்டைக்காலில் கடுமையான வலி, கண் சிவந்திருக்கிறது" என்று சேர்த்துச் சொன்னால் அவருடைய எண்ணமே வேறு திசையில் செல்லும். எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியாகப் பரவும் எலிக் காய்ச்சல் நெல் வயலில் இறங்குவோரைப் பற்றுவது. தொடக்கத்தில் கண்டால் எளிதில் குணமாவது. கவனியாது விட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுப்பது. அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று டாக்டர் உடனே சொல்லிவிடுவார். தொழிலைச் சொல்லாமல் நோயை மட்டும் சொல்வது பாதிக் கதை சொல்வதாகும்.

ஆதலால் அழைக்குமுன் சில விவரங்களைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளல் நலம். நோய் எந்நாளில் தொடங்கியது, காய்ச்சல் எத்தனை டிகிரி, அண்மையில் அளந்த இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எவ்வளவு, இப்போது உட்கொள்ளும் மருந்துகள் யாவை என்பவை அதில் இருக்கவேண்டும். நாட்டு மருந்து உண்பதை மறைப்பது பலருடைய வழக்கம், அது வேண்டா. முன்பு எந்த மருந்தேனும் ஒவ்வாமல் போயிருந்தால் அதனை முதலில் சொல்லவேண்டும். பெண்கள் கருவுற்றிருப்பதையும் பாலூட்டுவதையும் கூறவேண்டும். சிறுவர்களுக்காக அழைக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருத்தல் அவசியம். குழந்தையின் எடையும் தெரிந்திருக்கவேண்டும்.

இனி மருந்துச் சீட்டைப் பற்றி. "டாக்டர் போனில் சொன்னார்" என்று மருந்துக் கடையில் பெயரைக் கூறுவது சீட்டாகாது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி சீட்டு எழுத்தில் இருக்கவேண்டும். டாக்டரின் கையெழுத்தும் தேதியும், நோயாளியின் பெயரும் விலாசமும், மருந்தின் அளவும் அதில் காணவேண்டும். டாக்டரின் பதிவு எண்ணும் இருத்தல் வேண்டும். போலி வைத்தியரைக் கண்டுகொள்ள எளிய வழி அதுவே. கையெழுத்திட்ட சீட்டைப் படமெடுத்துக் கைபேசிக்கு அனுப்பலாம் என்பது 2020ஆம் ஆண்டு நெறி. எந்தக் கடையில் வாங்குவது என்பது நோயாளியின் விருப்பம். அவர் சம்மதமின்றி டாக்டர் நேரே ஒரு கடைக்குச் சீட்டை அனுப்புதல் கூடாது. மீண்டும் தரலாம் என்று டாக்டர் குறிப்பிட்டிராவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து தரவேண்டும். பழஞ்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காட்டிவருவோர் இதனை அறிதல் நன்று. வலிமை மிக்க சில கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு 2014 மார்ச் முதல் கடைக்காரர் தனிப் பதிவேடு எழுதி 3 ஆண்டு காக்கவேண்டும் என்பதும் விதி. சீட்டின்றி அவற்றைத் தர அவர் மறுத்தால் அவர்மீது குறை கூறுதல் முறையன்று.

தனியார் டாக்டர் நேரில் வாங்கும் கட்டணத்தைத் தொலைபேசிக்கும் வாங்கலாம், ரசீது தரவேண்டும். அச்சீட்டுக்கு அரசு மருத்துவமனையில் இலவச மருந்து கிடைப்பது வழக்கமில்லை. கடையில் பணம் கொடுத்தே வாங்கவேண்டும். மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தருமாறு கேட்டால், மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலைக்குப் பெறலாம். கட்டணம் கொடுக்க இயலாதவர்களுக்கு 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-சஞ்சீவனி என்னும் அரசுச் சேவை உண்டு. வீட்டிலிருந்தே டாக்டரைக் கண்டு பேசி, கட்டணமின்றிச் சீட்டுப் பெறலாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பாம்புக் கடி, ஒரு பக்கம் கை கால் விழுதல் ஆகியவற்றுக்குத் தொலைபேசியில் சீட்டுக் கேட்டுக் காலங்கடத்தக் கூடாது. அப்போது அழைக்க வேண்டிய எண் 108. பூச்சிமருந்து தெளித்தவருக்கு வாந்தியும், வாயில் நீர் ஊறுதலும், பார்வை மங்குதலும் கண்டால் அவ்வாறே செய்க. மருந்துப் புட்டியைச் சீட்டோடு கையில் எடுத்துச் செல்க.

கிராமப் பொறுப்பிலுள்ளோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. முதியவர்கள் பலருக்கு வீடியோ பேச்சு பழக்கமில்லை. பேரன் பள்ளிக்குச் சென்றிருப்பான். சமுதாயக் கூடத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும், கைபேசியை இயக்கத் தெரிந்த ஒருவரும் வாரத்தில் இரு நாள் இருந்தால் போதும். அவ்வறைக்குக் கதவு இருக்கட்டும். தம் நோயை நாலு பேர் கேட்கச் சொல்லக் கூசும் பெண்கள், கதவில்லாத கூடத்திற்கு வரமாட்டார்கள்.