வரப்போடு நிற்காத தோட்டா

சொந்த நிலம், சுற்றிலும் கம்பி வேலி, அக்கம்பக்கத்தில் வீடு கிடையாது. அங்கே ஒரு பலகையை நட்டு, வட்டம் வரைந்து, துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட்டுப் பழகினால் யார் கேட்கப்போகிறார்கள்? திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றி அத்தியந்தல், அடி அண்ணாமலைப் பக்கமெல்லாம் தோட்ட வீடுகள் பெருகிவரும் இந்த நாளில் இது வெறும் கற்பனைக் கேள்வியில்லை. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து தங்குபவர்களில் சிலருக்கு, வீட்டுக்குப் பின்னால் சுட்டுப் பழகுவது பிறந்த ஊரில் பார்த்த வழக்கம். அமெரிக்காவின் கிராமப்புறங்களில் பல இடங்களில் அதற்குத் தடையில்லை. இங்கே நிலைமை வேறு. பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் துப்பாக்கி சுடும் உரிமை வந்துவிடாது.

சட்டம் ஏன் இப்படிக் கறாராக இருக்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு துயரமான சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் காவல்துறையின் சுடுதளம் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சியில் இருந்தார்கள். சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தும் பலனில்லாமல் 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். சுட்டவர்கள் பயிற்சி பெற்ற படையினர். சுட்ட இடமும் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட தளம். அங்கேயே இது நடக்கும் என்றால், நான்கு தென்னையும் ஒரு கம்பி வேலியும் உள்ள தோட்டத்தை நம்பி யாரும் சுட முடியாது. சிறிய ரகமான .22 ரைஃபிளின் தோட்டாவே இரண்டு கிலோமீட்டர் வரை ஆபத்தானது.

இந்த இரண்டு கிலோமீட்டரைத் திருவண்ணாமலை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கிரிவலப் பாதை மொத்தமே 14 கிலோமீட்டர்தான். பௌர்ணமி இரவு முழுக்க அதில் ஆள் நடந்துகொண்டே இருக்கிறது. மற்ற நாளில் விடியற்காலையில் சாமியார்களும், மாடு ஓட்டுபவர்களும், விறகு பொறுக்கும் பெண்களும் நடக்கிறார்கள். மலைச்சரிவு முழுக்கக் காப்புக்காடு. கோடையில் தண்ணீர் தேடிப் புள்ளிமான்கள் சாலை வரை இறங்கி வரும். மயில்களுக்கு ஆசிரமத்துக் கூரைக்கும் பக்கத்துக் கொல்லைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் இல்லாத திசை என்று இந்த ஊரில் ஒன்றைக் காட்டவே முடியாது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் அடிப்படை, நடைமுறையைச் சொல்வது 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். மாநகரக் காவல் ஆணையரகம் உள்ள இடங்களில் ஆணையர். எதற்காகத் துப்பாக்கி கேட்கிறீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்பக்கம் வழவழப்பான துப்பாக்கி. பயிர்க் காவலுக்கு என்றால், வாய்வழியாக மருந்து திணிக்கும் துப்பாக்கி. குறிபார்த்துப் பழகுவதற்கு என்றால் .22 ரைஃபிள் கிடைக்கும். ஆனால் கேட்பவர் மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப்பிலோ சங்கத்திலோ உறுப்பினராக இருக்க வேண்டும். சுடும் பயிற்சியைத் தனிமனிதரின் தோட்டத்திலிருந்து எடுத்து ஒரு சங்கத்தின் கண்காணிப்பில் வைப்பதுதான் சட்டத்தின் நோக்கம். சுடுதளம் நடத்துவதற்கும் தனி உரிமம் வேண்டும். பயிர்க் காவலுக்கு வாங்கிய துப்பாக்கியை எடுத்து நண்பர்களோடு பாட்டில் சுட்டு விளையாடினால் உரிமமே பறிபோகலாம்.

2019-இல் வந்த திருத்தம் பிடியை இன்னும் இறுக்கியது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. உரிமத்தின் காலம் மட்டும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகக் கூடியது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. கல்யாணத்திலோ கோயில் விழாவிலோ பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டமாகச் சுட்டால், உரிமம் இருந்தாலும் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டும். அஜாக்கிரதையாகச் சுடும் எவருக்கும் இதே தண்டனைதான். சொந்தக் கொல்லையில் சுட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இந்தியாவில் துப்பாக்கி வழக்கமாகவே ஊறிப்போன இடம் ஒன்று உண்டு. நமக்குப் பக்கத்துக் குடகு மலை. கொடவர்களுக்கும் அங்குள்ள ஜம்மா என்ற பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே தொடர்கிறது. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில் 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. கைல்போல்து என்ற ஆயுதத் திருநாளில் அவர்கள் துப்பாக்கியைக் கழுவித் துடைத்து, குழல் முனையில் ஒரு பூவைச் செருகி வழிபடுவார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அந்தப் பூ. அதன்பிறகு தேங்காயைக் குறியாக வைத்துச் சுடும் போட்டி நடக்கும். ஊர் முழுக்கக் கூடியிருக்க, பெரியவர்கள் முன்னிலையில், எந்தத் திசையில் சுடுவது என்பது முடிவான இடத்தில் நடக்கும் போட்டி அது. அந்த ஒழுங்கு தலைமுறை தலைமுறையாக வந்தது. நிலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அந்த ஒழுங்கைக் கொண்டுவந்துவிட முடியாது.

திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் துப்பாக்கியோடு பழைய உறவு உண்டு, ஆனால் அது வயிற்றுப்பாட்டோடு சேர்ந்தது. நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியோடு கொக்கும் காடையும் தேடிப் போனதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கரிமருந்தைக் குழல் வாயில் கொட்டி, நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, மேலே பால்ரஸ் உருண்டைகளைப் போட்டு, மறுபடி இடித்து, குதிரைக்கு அடியில் கேப்பு வைத்தால் ஒரே ஒரு வெடி. அடுத்த வெடிக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தப் பிழைப்பு குற்றமாகிவிட்டது. மாற்றுப் பிழைப்புக்கு அரசு சொன்ன வழிகள் போதவில்லை. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேரவே 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்த அநியாயத்தையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டவர்களின் கஷ்டம் இன்னொன்று. காய் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவில் காணியைக் கிளறிப்போட்டுவிடும். நம் நிலத்தில் நாம் சுட்டால் என்ன என்ற கோபம் பிறப்பது இங்கேதான், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் சுடலாம். சுடுபவர் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளராக இருக்க வேண்டும், விவசாயி சுடக்கூடாது. அண்ணாமலையின் அடிவாரத்துக் கொல்லைகள் காப்புக்காட்டை ஒட்டியே கிடப்பதால் அங்கே சுடுவதற்கே வழியில்லை. அங்கு செய்யக்கூடியது, சேதத்தைப் படம் எடுத்து வனத்துறையிடம் இழப்பீடு கேட்பது. பணம் கைக்கு வர நாளாகிறது என்று விவசாயிகள் குறைப்படுவதை அரசு காதில் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவுட்டுக்காய் வெடியும் திருட்டு மின்வேலியும்தான் பெருகும்.

நம் பக்கத்துச் சாதாரண ஜனங்களுக்குக் குறிபார்த்துச் சுடுவது என்றால் திருவிழாக் கடையில் பலூன் சுடுவதுதான். அந்த ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் விசை 20 ஜூலுக்கும் மேற்படாதவரை இந்தச் சலுகை உண்டு. ஆகவே தோட்ட வீடுகளில் இன்று உண்மையில் சுடப்படுவது இதுதான். சட்டம் விட்ட இடைவெளியில்தான் கவனம் அதிகம் வேண்டும். அந்தச் சின்ன ரவை கண்ணைப் பறித்துவிடும், உயிர் போன சம்பவங்களும் உண்டு. பாறையிலோ சிமெண்ட் சுவரிலோ பட்டால் எகிறித் திரும்பும். சுடுவதானால் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், மேல்நோக்கிச் சுடக்கூடாது, பெரியவர் இல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. அணிலையோ மைனாவையோ குறிவைத்தால் அது வேட்டை, வழக்கு வனத்துறையிலிருந்து வரும். வள்ளி என்ற மானுக்கும், லட்சுமி என்ற பசுவுக்கும், ஒரு நாய்க்கும், ஒரு காகத்துக்கும் சமாதி எழுப்பிய ஆசிரமத்தின் அண்டையில் வசிப்பவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் அதைத் தடுக்கவும் வேண்டாம். 12 வயதிலிருந்தே முறையான பயிற்சிக்கு விதிகளில் இடமிருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ரைஃபிள் கிளப்புகள் உண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுட்டது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அதில் குறித்தாளில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், ரவையின் அகலமோ நாலரை மில்லிமீட்டர். மூச்சை அடக்கிச் சுட்டாலும் இதயத் துடிப்பு அந்தப் புள்ளியைத் தள்ளிவிடும். இதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். சுவர் பலமான ஒரு கூடமும் நல்ல பயிற்சியாளரும் போதும். அப்படி ஒரு கூடம் திருவண்ணாமலைப் பள்ளி ஒன்றில் அமைந்தால், கொல்லையில் பாட்டில் சுடும் ஆசை பாதி குறைந்துவிடும்.

கடைசியாக, பல வீடுகளில் பேசாமல் விட்டுவிடும் விஷயம் ஒன்று. தாத்தா இறந்துபோனார், அவர் பெயரில் லைசென்ஸ் இருந்த துப்பாக்கி பரணில் கிடக்கிறது. அவரோடு உரிமமும் முடிந்துவிட்டது. அதை வீட்டில் வைத்திருப்பதே இப்போது குற்றம், நிலத்துக்கு எடுத்துப்போய்ச் சுட்டுப் பார்ப்பது அதைவிடப் பெரிய குற்றம். தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால், இறப்புச் சான்றிதழோடும் வாரிசுச் சான்றிதழோடும் ஆட்சியர் அலுவலகத்தில் தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.