சாம்பல் குறைந்த மலை

மேகாலயாவின் காரோ மலையில் அன்று நெல் விளைந்தது சாம்பலில். குளிர்காலத்தில் சரிவைத் திருத்திக் காயவிட்டு, கோடை மழைக்கு முன் எரிப்பார்கள். கழியால் குழி குத்தி நெல்லை ஊன்றுவார்கள். அதே புனத்தில் மக்காச்சோளம், மிளகாய், வெள்ளரி எல்லாம் கலந்து வளரும். ஓரிரு போகம் எடுத்ததும் அடுத்த சரிவு. விட்டுவந்த நிலம் இருபது ஆண்டுக்கு மேலும் காடாகக் கிடக்கும்.

வெளியார் இதைக் காட்டழிப்பு என்றார்கள். மண்ணின் கணக்கு வேறு. ஓயாத மழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போவதால் அங்கே மண்ணின் பி.எச். பெரும்பாலும் 5-ஐ ஒட்டியே நிற்கிறது. அந்தப் புளிப்பில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். மணிச்சத்தோ இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து, இருந்தும் பயிருக்கு எட்டாது. சாம்பல் அந்தப் புளிப்பைக் கொஞ்ச காலத்துக்கு முறித்தது.

இன்று பல இடங்களில் நிலத்துக்குக் கிடைக்கும் ஓய்வு மூன்று முதல் ஐந்தாண்டு. புதரை எரித்தால் எவ்வளவு சாம்பல் தேறும்? மண்ணைத் திருத்த முடியாத இடத்தில் விதையைத்தான் திருத்த வேண்டியிருக்கிறது. 1975-இல் தொடங்கிய வடகிழக்கு மலைப்பகுதி வேளாண் ஆராய்ச்சி வளாகம் மேகாலயாவின் உமியத்தில் இருக்கிறது. மேட்டுநிலத்துக்கு ‘பாலும் 1’, ‘பாலும் 2’ ரகங்கள் அங்கிருந்து வந்தவை. பள்ளத்தாக்கு வயலுக்கு ‘ஷாசாரங் 1’. அங்கே தொல்லை வேறு: தேங்கிய நீரில் இரும்பு கரைந்து இலையைச் செம்பு நிறமாக்கிவிடும்.

ஆய்வாளர்கள் தேடும் குணம் பல நேரம் பழைய நெல்லிலேயே இருக்கிறது. ‘கசலத்’ என்ற நாட்டு நெல்லில், மணிச்சத்து குறைந்த மண்ணிலும் இளம்வேரை விரியவைக்கும் மரபணு இருப்பது 2012-இல் உறுதியானது. புகழ்பெற்ற ஐ.ஆர். 64-இல் அது இல்லை. உரம் போட்ட பண்ணையிலேயே தேர்ந்தெடுத்த நெல்லில் இத்தகைய குணம் நழுவிப்போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனாலும் ரகம் பட்டினியைத் தாங்குமே தவிர, மண்ணுக்குச் சோறு போடாது. அதனால் உழவுச் சாலில் ஹெக்டேருக்கு 500 கிலோ வரை சுண்ணாம்பு இடச் சொல்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லுக்கு மேகாலயாவில் பஞ்சமே இல்லை. காசி மலையிலிருந்து வங்கதேச சிமென்ட் ஆலைக்கு அது 17 கி.மீ. நீள நகரும் பட்டையில் ஓடுகிறது. சாலை எட்டாத புனத்துக்கோ மூட்டைகளை முதுகில்தான் ஏற்ற வேண்டும். விதைநெல் என்றால் ஒரு கூடையில் ஏறிவிடும். குறைகள் இருந்தாலும் புது ரகத்தை மலையில் விரும்பி வாங்க அதுவே போதுமான காரணம்.