மருந்தும் அதனைச் செலுத்தும் வழியும்

சிவகாசி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ‘மருந்து’ என்னும் சொல் இருபொருள் தருவது. நோய் தீர்ப்பதும் மருந்து. வெடிக்குள் அடைப்பதும் மருந்து. பட்டாசுச் சாலைகளில் ‘மருந்து செலுத்துதல்’ என்பது தனியொரு தொழில். தரையிற் கொட்டிய கருமருந்து ஒரு கணத்தில் வீணே எரிந்தொழியும். அதே மருந்து தாளிற் சுற்றப்பெற்று, அளவறிந்து திரி வைக்கப்பெறின், வானுயரச் சென்று உரிய கணத்தில் மலர்கின்றது. பொருள் ஒன்றே, செலுத்தும் முறையே வேறு. கல்லீரற் புற்றுநோய்க்குச் செடிகொடிகளில் மருந்து தேடும் அறிஞர் எதிர்ப்படும் இடரும் இதுவே. அதனை எம் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

மஞ்சளை முதற்கண் எடுத்துக்கொள்வோம். அதற்கு நிறம் தரும் பொருளாகிய குர்குமினை 1815-ஆம் ஆண்டில் ஃபோகல், பெல்லெட்டியே என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். 1910-இல் அதன் அணுக்கட்டு இன்னதென்று துணியப்பட்டது. உலர்ந்த மஞ்சளில் இப்பொருள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கே. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்த கல்லீரற் புற்றணுக்களின்மீது இதனைச் சேர்த்தால், அவை பெருகுதல் ஒழிந்து மடிவதைப் பலர் கண்டுள்ளனர். அங்ஙனமாயின் மஞ்சளை உண்டு நோய் தீரலாமே என்று வினவத் தோன்றும். ஆண்டுதான் தடை நிற்கின்றது.

குர்குமின் நீரில் எளிதிற் கரையாது. ஆதலின் குடலினின்றும் குருதியிற் புகுவது மிகச் சிறிதே. புகுந்த அச்சிறிதும் நிலைத்து நில்லாது. குடற்சுவரும் கல்லீரலும் அதனோடு குளுக்குரானிக் அமிலத்தையோ சல்பேட்டையோ பிணைத்து, உடலினின்று வெளியேற்றற்குரிய பொருளாக மாற்றிவிடுகின்றன. குடலில் உறிஞ்சப்படும் பொருள்களுட் பெரும்பாலன முதலிற் சென்று சேருமிடம் கல்லீரலே. வேற்றுப்பொருளை மாற்றி வெளியேற்றுதல் அதன் இயல்பான கடமை. நோயுற்ற உறுப்பே தனக்கு வரும் மருந்தையும் வேற்றுப்பொருளெனக் கொண்டு விலக்குகின்றது. இதனினும் வியப்பு வேறு யாது?

இத்தடையை நீக்கும் வழியொன்றைப் பெங்களூர்ப் புனித யோவான் மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் 1998-இல் வெளியிட்டனர். நலமுள்ள மக்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியே கொடுத்தபோது, குருதியில் அது காணப்படவில்லை, அன்றி மிகச் சிறிதே காணப்பட்டது. மிளகின் காரப்பொருளாகிய பைப்பரின் 20 மில்லிகிராமை உடன் கொடுத்தபோது, உடலில் ஏறும் அளவு 2000 விழுக்காடு பெருகிற்று. எலிகளிடத்திலோ அப்பெருக்கம் 154 விழுக்காடே. குடலும் கல்லீரலும் குர்குமினை மாற்றும் வினையைப் பைப்பரின் சற்றே தடுத்தலே இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றது. விருதுநகர்க் கடைவீதியில் அருகருகே மூட்டையாய்க் கிடக்கும் மஞ்சளும் மிளகும் உடலினுள்ளும் துணையாய் இயங்குகின்றன.

இதனைப் படித்த அளவில் நாமும் பெரிதும் மகிழ்ந்தோம். ஆயினும் ஆராயுங்கால் இரண்டு உண்மைகள் புலப்பட்டன. மிகச் சிறியதொன்று பன்மடங்கு பெருகினும் சிறியதாகவே நிற்றல் கூடும். குருதியில் ஏறியதெல்லாம் புற்றுக்கட்டியைச் சென்று சேர்ந்ததாகாது. இஃது ஒன்று. மிளகு திறந்த வாயில் மஞ்சளுக்கு மட்டும் திறப்பதன்று என்பது மற்றொன்று. புரொப்பிரனலால், தியோபிலின் முதலிய மருந்துகளின் அளவையும் பைப்பரின் குருதியில் உயர்த்துமென்று 1991-இல் காட்டப்பட்டது. அன்றியும், அமெரிக்க நாட்டில் 2004-க்கும் 2022-க்கும் இடையே மஞ்சட் சரக்கு உண்டதால் கல்லீரல் தீங்குற்றோர் பதின்மரைப் பற்றி மருத்துவர் விரிவாக எழுதியுள்ளனர். அவருள் ஒருவர் உயிர்நீத்தார். மூவர் உண்ட சரக்கில் மிளகின் பொருளும் இருந்தது. குழம்பிலிடும் மஞ்சளைப் பற்றிய பேச்சன்று இது. செறிவூட்டி விற்கப்படும் சரக்கைப் பற்றியது.

ஆதலின் அறிஞர் வேறு வழிகளையும் நாடினர். மருந்தைப் பொதிந்து செலுத்துதல் அவற்றுள் ஒன்று. பசிபிக் யூ மரப்பட்டையினின்று கிடைத்த பாக்லிட்டாக்சலின் அமைப்பு 1971-இல் வெளியாயிற்று. அதுவும் நீரிற் கரையாமையால், ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானிற் கலந்தே ஏற்றினர். அக்கரைப்பானோ சிலருக்குக் கடும் ஒவ்வாமை விளைத்தது. பின்னர் அம்மருந்தைக் குருதிப் புரதமாகிய ஆல்புமினோடு நுண்துகளாகப் பிணைத்தனர். அம்முறை மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் 2005-இல் ஒப்புதல் பெற்றது. குர்குமினையும் அவ்வாறே கொழுப்புக் குமிழிகளிலும் நுண்துகள்களிலும் பொதிந்து கல்லீரலுக்குச் செலுத்த முயன்று வருகின்றனர்.

வழியையே தெரிந்து செலுத்துதல் மற்றொன்று. நலமுள்ள கல்லீரல் தன் குருதியிற் பெரும்பகுதியைக் குடலினின்று வரும் போர்ட்டல் சிரை வழியே பெறுகின்றது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியால் ஊட்டம் பெறுகின்றது. எனவே அத்தமனியுள் மெல்லிய குழாயைச் செலுத்தி, மருந்தை எண்ணெயிற் குழைத்து விட்டு, பின் குருதியோட்டத்தையும் அடைக்கின்றனர். இம்முறை தக்க நோயாளிகளின் வாழ்நாளை நீட்டுமென்பதை பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் நடந்து 2002-இல் வெளியான சோதனைகள் காட்டின. அவ்வெண்ணெய் அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெய்! ஆண்டுக் கலந்த மருந்துகள் செடியினின்று பெற்றவையல்ல. அவற்றைச் சுமந்து சென்ற ஊர்தியே செடியின் கொடை.

இவற்றை எழுதத் தூண்டியது எம் தெருவில் நிகழ்ந்த ஒன்று. கல்லீரற் புற்றுற்ற பெரியவர் ஒருவர், பிறர் சொற்கேட்டு மஞ்சளும் மிளகும் செறிந்த மாத்திரைகளைப் பல திங்கள் உண்டு வந்தார். “நாட்டு மருந்துதானே, டாக்டரிடம் சொல்வானேன்?” என்பது அவர் எண்ணம். உண்மை அறிந்த மருத்துவர் அதனை உடனே நிறுத்தச் சொல்லி, “முன்பே சொல்லியிருக்கலாமே ஐயா” என்று வருந்தினார். குர்குமின் கல்லீரற் புற்றைத் தீர்க்குமென்பது மக்களிடத்து நடந்த சோதனைகளால் இதுகாறும் நிலைநாட்டப்படவில்லை. செடியிற் பிறந்தமையாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. உடலிற் செல்லும் வழி திறக்கத் திறக்க, நன்மையோடு தீமையும் உடன் புகும்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு ‘உழைச்செல்வானையும்’ ஒருங்கு வைத்தார். மருந்தைப் பிழையாது இயற்றி அளிப்பவனே அவன். மருந்தின் குணம் ஒன்றே போதுமாயின் நான்காமவனுக்கு இடம் எதற்கு? இக்காலத்து ஆய்வுக்கூடங்களில் மருந்து செல்லும் வழி தேடுவோரை அவ்வுழைச்செல்வான் மரபினரென்றே நாம் கருதுகின்றோம். அவர் பணி நிறைவுறுங்காறும், நம் இல்லத்து நோயாளர் உண்பது எதுவாயினும் அதனை மருத்துவரிடம் மறையாது உரைப்பது நம் கடன். அளவும் வழியும் தவறிய மருந்து என்ன செய்யுமென்பதைப் பட்டாசு வட்டாரத்தாராகிய நமக்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை.