பெருந்தாயங்களும் கணினியின் நினைவகமும்

எண்களை நிரையாகவும் நிரலாகவும் அடுக்கிய அட்டவணையைக் கணிதத்தார் தாயம் என்பர். பாடசாலைப் பிள்ளைகள் பயிலும் தாயம் கடுதாசியின் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஓர் இலட்சம் நிரையும் ஓர் இலட்சம் நிரலும் கொண்ட தாயத்தைக் கணினியிடம் ஒப்படைத்தால் நிகழ்வது யாது? அதன் மூலகங்கள் ஆயிரங் கோடி. மூலகம் ஒன்றுக்கு வழக்கமாக 8 பைற்று இடம் வேண்டும். ஆகவே அத்தாயத்துக்கு மட்டும் 80 கிகாபைற்று தேவை. வீட்டுக் கணினிகளின் நினைவகமோ பெரும்பாலும் 8 அல்லது 16 கிகாபைற்றே. பக்கம் இருமடங்கானால் வேண்டிய இடம் நான்கு மடங்காகும். எனவே நினைவகத்தை வாங்கிப் பெருக்கியே இதனை வென்றுவிடலாம் என்று எண்ணுவது வீண்.

நினைவகத்தை எழுதுவினைஞரின் மேசைக்கும், வட்டினை அறையின் மறுகோடியிலுள்ள அலுமாரிக்கும் ஒப்பிடலாம். மேசை நிறைந்ததும் கணினி சில ஏடுகளை அலுமாரியில் வைத்துவிட்டு வேறு சிலவற்றை எடுத்து வரும். அப்போது கணக்குச் செய்யும் நேரத்திலும் நடக்கும் நேரமே மிகும். அலுமாரியும் போதாதாயின் வேலை இடையில் நின்றுவிடும்.

இந்த இடர்ப்பாட்டை 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் லறி பேஜ், சேர்ஜி பிரின் ஆகியோர் எதிர்கொண்டனர். ஒரு வலைப்பக்கத்தின் மதிப்பு, அதனைச் சுட்டும் பக்கங்களின் மதிப்பைப் பொறுத்தது என்பது அவர்தம் கொள்கை. அவர்களிடம் இருந்தவை 7 கோடியே 50 இலட்சம் முகவரிகள். எந்தப் பக்கம் எதனைச் சுட்டுகின்றது என்பதை முழுத் தாயமாக எழுதின், மூலகத்துக்கு 4 பைற்று மட்டும் கொடுத்தாலும், 2 கோடியே 25 இலட்சம் கிகாபைற்று வேண்டும்!

ஆயினும் அத்தாயத்தில் கோடியில் ஒன்றுதானும் பூச்சியமல்லாத எண்ணாக இருக்கவில்லை. பூச்சியத்தைக் குடியிருத்தி அதற்கு வாடகை கொடுப்பார் உளரோ? உள்ள இணைப்புகள் ஏறத்தாழ 32 கோடியே. அவற்றை மட்டும் வரிசைப்படுத்தி வட்டில் வைத்தனர். பக்கங்களின் மதிப்புகளைக் கொண்ட நிரலுக்கு வேண்டியது 300 மெகாபைற்று. புதிய மதிப்புகளை நினைவகத்திலும் பழையவற்றை வட்டிலும் வைத்தனர். வட்டிலுள்ளவற்றை அங்குமிங்கும் தேடாமல் முதலிலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாக வாசித்தமையால் ஒரு சுற்று ஏறக்குறைய 6 நிமிடத்தில் முடிந்தது. சுமார் 52 சுற்றுகளில் மதிப்புகள் நிலைபெற்றன. இவ்வளவையும் செய்தது சாதாரணமான ஒரு பணிநிலையக் கணினி.

பூச்சியங்கள் எப்போதும் பூச்சியங்களாகவே இருந்துவிடும் என்று நம்பியிருத்தலும் ஆகாது. ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்க்கும் நீக்கல் முறையில், ஒரு நிரையின் மடங்கை மற்றொன்றிலிருந்து கழிக்குந்தோறும் வெறுமையான இடங்களில் எண்கள் முளைக்கின்றன. தொடக்கத்தில் நன்கு அடங்கிய தாயம் பாதிவழியில் நினைவகத்தை மீறி வழிவது இதனாலேயே. சமன்பாடுகளின் வரிசையை மாற்றி இம்முளைப்பைக் குறைக்கலாம். தாயத்தைக் குலைக்காமல், அதனால் ஒரு நிரலைப் பெருக்கும் செயலை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து விடையை அணுகும் முறைகளும் உள. ஹெஸ்ரெனெஸ், ஸ்ரீபெல் ஆகிய இருவர் 1952இல் வெளியிட்ட முறை, சமச்சீரான ஒருவகைத் தாயங்களுக்கு இன்றும் பெருவழக்கில் உள்ளது.

பூச்சியமே இல்லாத தாயமாயின், அதனைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றாக மேசைக்கு எடுத்துவந்து முடித்துத் திருப்பி வைத்தல் வேண்டும்.

மிக எளிய உபாயம் ஒன்று பலராலும் மறக்கப்படுகின்றது. இரண்டு தாயங்களின் பெருக்கத்தால் ஒரு நிரலைப் பெருக்க வேண்டுமாயின், தாயங்களை முதலிற் பெருக்குவோர் மேலும் 80 கிகாபைற்றுக்கு இடந்தேட வேண்டியவராவர். இரண்டாந் தாயத்தால் நிரலைப் பெருக்கி, வந்த நிரலை முதற்றாயத்தாற் பெருக்கினாலும் விடை அதுவே. இடையில் தோன்றுவது ஓர் இலட்சம் எண்கள் கொண்ட ஒரு நிரல். அதற்கு ஒரு மெகாபைற்றும் வேண்டியதில்லை.