உறைபனி வருது, செலவும் வருது! முன்கூட்டியே தயாராவோமா?



கார்த்திகை பிறந்துட்டா நம்ம நீலகிரியில் பேச்செல்லாம் பனியைப் பத்தித்தான். தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் விடியற்காலையில் பார்த்தால் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டினது மாதிரி வெள்ளையாக இருக்கும். சுற்றுலா வந்தவங்க போட்டோ எடுத்துக்கிட்டு சந்தோஷமா போயிடறாங்க. நமக்கு அது செலவுக் காலம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் விறகு, கேஸ், கம்பளி, மருந்து என்று செலவு கூடுகிறது. அதே மாதங்களில் பனியில் தேயிலை கருகி, கொழுந்து குறைந்து, வேலை நாளும் குறைகிறது.

ஒன்று யோசிச்சுப் பாருங்க. காய்ச்சல் சொல்லாம வரும். விபத்து சொல்லாம வரும். பனி வருஷா வருஷம் சொல்லி வெச்ச மாதிரி அதே மாதத்தில் வருது. தெரிஞ்சே வர்ற செலவுக்கு நாம ஏன் வட்டிக்கு வாங்கணும்?

வட்டிக் கணக்கு

பனிக்காலச் செலவுக்கு ஒருத்தர் 5,000 ரூபாய் வெளியே கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி. மாதம் 250 ரூபாய். பத்து மாதம் கட்டினால் 2,500 ரூபாய் போயிருக்கும். அசல் 5,000 அப்படியே நிற்கும். அதற்குள் அடுத்த பனி வந்துவிடும்.

இதே 5,000 ரூபாயை நூற்றுக்கு 1 ரூபாய் வட்டியில் குழுவில் உள்கடனாக வாங்கி, மாதம் 500 ரூபாய் அசல் கட்டி வந்தால்? முதல் மாதம் வட்டி 50, அடுத்த மாதம் 45, கடைசி மாதம் வெறும் 5. பத்து மாதத்தில் மொத்த வட்டி 275 ரூபாய்தான். கடனும் அடைந்துவிடும். அந்த வட்டியும் நம்ம குழுவுக்கே வருகிறது.

அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஆனாலும் அவசரத்துக்குப் போய் நிற்பது நாமதானே. அந்த அவசரம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

சித்திரையில் ஆரம்பிப்போம்

சித்திரை பிறந்ததிலிருந்து கார்த்திகை பிறக்கும் வரை சுமார் 30 வாரம். வாரம் 100 ரூபாய் தனியாகச் சேர்த்தால் 3,000 ரூபாய். 50 ரூபாய்தான் முடியும் என்றால் 1,500 ரூபாய். மழை பெய்து கொழுந்து நல்லா வரும் மாதங்கள் இதில்தான் வருகின்றன. வழக்கமான சேமிப்போடு கலக்காமல் "பனிக்காலச் சேமிப்பு" என்று பேரேட்டில் தனிப் பக்கம் போடுங்கள். கார்த்திகையில்தான் எடுப்பது என்று தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

"இந்த வருஷம் சேர்க்கலையே அக்கா, என்ன பண்றது?" என்று சிலர் கேட்கலாம். வெளியே போகாமல் முதலில் குழுவில் உள்கடன் கேளுங்கள். இன்னொன்று, ஐந்தாறு குழு சேர்ந்து ஈரோடு ஜவுளிச் சந்தையில் கம்பளியும் போர்வையும் மொத்தமாக வாங்கினால் ஒவ்வொருவருக்கும் விலை குறையும்.

பனி எப்படி விழுகிறது?

பகலில் சூடான மண், ராத்திரியில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் கம்பளி போர்த்தின மாதிரி சூடு தங்கும். மேகம் இல்லாமல், காற்றும் அசையாமல் இருந்தால் சூடு முழுக்கப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டைவிடப் பள்ளத்தில் பனி அதிகம்.

ஆக, சாயங்காலம் வானம் தெளிவாக, காற்று இல்லாமல் இருந்தால் அன்றைக்கு ராத்திரி உஷார். வீட்டுத் தோட்டத்துக் கீரை, உருளை, தேயிலை நாற்று இவற்றைச் சாக்கு அல்லது காய்ந்த புல்லால் மூடுங்கள். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். மூட மறந்துவிட்டால், வெயில் படுவதற்கு முன்பே செடிமேல் தண்ணீர் தெளியுங்கள். உறைந்த இலையில் திடீரென்று வெயில் பட்டால்தான் அதிகம் கருகும்.

வீட்டில் செலவைக் குறைக்க

1. பனி விழுந்த மறுநாள் பெரும்பாலும் நல்ல வெயில் அடிக்கும். காலை 10 மணிக்குக் குடத்தில் தண்ணீர் நிரப்பி வெயிலில் வையுங்கள். மதியம் 2 மணிக்கு அதைச் சுடவைத்தால் விறகு கொஞ்சம்தான் செலவாகும். குழந்தைகளையும் பெரியவர்களையும் அந்த நேரத்திலேயே குளிக்க வையுங்கள்.

2. போர்வைகளை வெயிலில் காயப்போட்டு, ஈரம் இறங்குவதற்கு முன், 3 மணிக்குள் உள்ளே எடுங்கள்.

3. குளிர் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். பாய்க்குக் கீழே சாக்கு, பழைய சேலைகளை மடித்துப் போடுங்கள். ஒரு தடித்த துணியைவிட இரண்டு மூன்று மெல்லிய துணி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் கதகதப்பு அதிகம். நடுவில் நிற்கும் காற்று சூட்டை வெளியே விடாது.

4. நாளைக்கு ஐந்து தடவை டீ போடுவதற்கு, இரண்டு தடவை போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைக்கலாம். பருப்பு, பயறை வெந்நீரில் ஊறவைத்துக் குக்கரில் வேகவையுங்கள்.

5. கடும் குளிரில் சிலிண்டரில் கேஸ் சரியாக எழும்பாது, தீ குறைவாக எரியும். தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். வெயில் ஏறியதும் எரிகிறதா என்று பாருங்கள். சிலிண்டரைச் சூடு பண்ணவோ, படுக்க வைக்கவோ கூடாது. ரொம்ப ஆபத்து.

6. 2,000 வாட் ஹீட்டரை ஒரு மணி நேரம் போட்டால் 2 யூனிட். தினம் 3 மணி நேரம் என்றால் மாதம் 180 யூனிட். யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் கூடும். முடிந்தவரை தவிர்க்கலாம்.

7. விறகைப் பங்குனி, சித்திரை வெயிலிலேயே காயவைத்துக் கூரைக்கு அடியில் அடுக்குங்கள். ஈர விறகு புகைதான் தரும், சூடு தராது.

இதை மட்டும் செய்யாதீர்கள்!

கரி அடுப்பையோ தணல் சட்டியையோ வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கக் கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைப் பகுதிகளில் இப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். குளிர்காய்வது என்றால் வாசலில் உட்கார்ந்து காயுங்கள். தணலை முழுக்க அணைத்து வெளியே வைத்த பிறகே படுக்கப் போங்கள். அடுப்பு எரியும் அறையில் யாருக்காவது தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால் உடனே கதவைத் திறந்து வெளியே தூக்கி வந்து 108-க்குப் போன் செய்யுங்கள்.

மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு மருந்தை ஐப்பசியிலேயே வாங்கி வையுங்கள். செலவு மிச்சம் என்று மருந்தையும் குழந்தைகளின் சாப்பாட்டையும் குறைக்க வேண்டாம். பின்னால் ஆஸ்பத்திரிச் செலவு பல மடங்காக வரும்.

அடுத்த கூட்டத்தில் பேச

போன பனிக்காலத்தில் நம் வீட்டில் கூடுதலாக எவ்வளவு செலவானது? அதற்கு யாரிடம் வாங்கினோம், எவ்வளவு வட்டி கட்டினோம்? வாரம் எவ்வளவு தனியாகச் சேர்க்க முடியும்? இந்த மூன்று கேள்விக்கும் ஒவ்வொருவரும் பதில் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காக்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுங்கள். அப்படியே இந்தக் கட்டுரையின் கரி அடுப்புப் பகுதியைக் கூட்டத்தில் சத்தமாக ஒரு முறை வாசித்துவிடுங்கள்.