உத்தியும் புத்தாக்கமும் ஊதியமும்

வணிகம் பற்றிய மாணவர் கட்டுரைகளில் ஒரு தொடரை நாம் அடிக்கடி காண்கிறோம்: ‘புத்தாக்கம் இருந்தால் இலாபம் பெருகும்.’ இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை, பொருட்குறை உண்டு. கண்டுபிடிப்பு, புத்தாக்கம், உத்தி ஆகிய மூன்று சொற்களையும் ஒருபொருட் சொற்களாக ஆள்வதால் நேரும் குறை அது.

முன்பு இல்லாத ஒரு கருவியையோ முறையையோ உருவாக்குவது கண்டுபிடிப்பு. புதிய கருத்தைப் பிறர்க்குப் பயன்படும் பொருளாகவோ சேவையாகவோ ஆக்குவது புத்தாக்கம். உத்தி இவ்விரண்டினும் வேறானது. நூலுக்குரிய உத்திகளை 32 என வகுத்த நன்னூலார், பொருளை ஏற்ற இடமறிந்து தக்க வகையில் செலுத்துவதே உத்தி என்கிறார். இவ்விலக்கணம் வணிகத்திற்கும் பொருந்தும். எதைச் செய்வது, எதைக் கைவிடுவது, உள்ள திறனை எங்கே செலுத்துவது என்னும் தெரிவே வணிக உத்தி.

இவ்வேறுபாட்டை இரு நிறுவனங்களின் வரலாறு தெளிவுபடுத்துகிறது. 1975இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் மின்னிலக்கப் படக்கருவி ஒன்றை உருவாக்கினார். ஆனால் கோடாக்கின் இலாபம் பெரிதும் மக்கள் மீண்டும் மீண்டும் வாங்கிய படச்சுருளிலிருந்தும் படத்தாளிலிருந்தும் வந்தது. படச்சுருளே வேண்டாத கருவி அவ்வருவாயின் வேரை அறுக்கக்கூடியது. பிற்காலத்தில் கோடாக் மின்னிலக்கப் படக்கருவிகளைப் பெருமளவில் விற்றபோதும், பழைய இலாபத்தை அவை ஈடுசெய்யவில்லை. 1994இல் வேதிப்பொருள் பிரிவையும் 2007இல் மருத்துவப் படிமப் பிரிவையும் அது தன்னிடமிருந்து பிரித்துவிட்டது. 2012 ஜனவரியில் கடன் நெருக்கடியால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

ஜப்பானின் ஃபூஜிஃபிலிம் நிறுவனத்தையும் அதே புயல் தாக்கியது. 2000ஆம் ஆண்டுக்குப்பின் படச்சுருள் விற்பனை உலகெங்கும் சரிந்தது. அந்நிறுவனத்தின் தலைவர் ஷிகெதாகா கொமோரி, தம்மிடமுள்ள தொழில்நுட்பங்கள் யாவற்றையும் கணக்கெடுக்கச் செய்தார். ‘நாம் எதை விற்கிறோம்?’ என்பதைவிட ‘நாம் எதை அறிந்திருக்கிறோம்?’ என்பதே அங்கு முதன்மை வினாவாயிற்று. படச்சுருளின் இன்றியமையாக் கூறான ஜெலட்டின், கொலாஜனிலிருந்து பெறப்படுவது. மனிதத் தோலிலும் கொலாஜன் உண்டு. படத்தின் நிறம் மங்காமல் காத்த அறிவு தோல் பராமரிப்புக்கும் உதவியது. 2007இல் அஸ்டாலிஃப்ட் என்னும் அழகுப்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. படச்சுருளின் அடிப்படலம் பற்றிய தேர்ச்சி தட்டைத் திரைகளுக்குப் பயன்பட்டது. மருத்துவத் துறையிலும் நிறுவனம் விரிவடைந்தது.

இம்மாற்றம் வலியின்றி நிகழவில்லை. ஃபூஜிஃபிலிமிலும் ஆயிரக்கணக்கான வேலைகள் குறைக்கப்பட்டன. எனினும் நிறுவனம் நிலைத்தது. இரு நிறுவனங்களிலும் புத்தாக்கம் இருந்தது. அதைச் செலுத்திய இடமே வேறுபட்டது.

இவ்விடத்தில் இன்னொரு சொல்லையும் நினைவுகூர்வோம். திருக்குறளில் ‘ஊதியம்’ என்பது ஆதாயத்தைக் குறிக்கிறது. இன்றோ உழைப்பவர் பெறும் சம்பளத்தைக் குறிக்கிறது. ஒரு நிறுவனத்தின் முதற்பொருள் ஊதியம் அற்றுப்போனால் இரண்டாம் பொருள் ஊதியமும் நெடுநாள் நில்லாது. ஆகவே உத்தியின் பிழை கணக்கேட்டோடு முடிவதில்லை. குடும்பங்களின் அடுப்பு வரை செல்கிறது.

ஆசிரியர்கள் இனி அத்தொடரைக் காணும்போது ‘எந்தப் புத்தாக்கம்? எங்கே செலுத்தப்பட்டது? எதைக் கைவிட்டு?’ என்று மாணவரைக் கேட்கலாம். விடை தேடும் மாணவர், சொற்களின் வேறுபாட்டோடு வணிகத்தின் இயல்பையும் அறிந்துகொள்வர்.