காவிரியின் இரு கரையிலும் ஒரே நாளில் திருவிழா!

2020-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி. திருச்சிக்கு அன்று இரட்டைத் திருநாள்.

காவிரிக்கு வடக்கே ஸ்ரீரங்கம். அங்கே வைகுண்ட ஏகாதசி. விடியுமுன் பரமபத வாசல் திறந்தது. ரத்தின அங்கி அணிந்து நம்பெருமாள் எழுந்தருளினார்.

காவிரிக்குத் தெற்கே திருச்சி நகரம். அங்கே மாதா கோவில்களில் கிறிஸ்துமஸ்!

கொரோனா காலமானதால் வழக்கமான கூட்டம் இல்லை. ஆனாலும் திருநாள் திருநாள்தான்.

இப்படி ஒரே நாளில் அமைவது அபூர்வம். ஏகாதசி, சந்திரனைப் பொறுத்து வருவது. கிறிஸ்துமஸ் தேதியோ மாறாதது. ஆனால் கிறிஸ்துமஸ் வருவது எப்போதும் நம் மார்கழியில்தான். வாசலில் கோலம், வானில் பனி. பக்கத்து வீட்டில் நட்சத்திர விளக்கு!

பழைய ஆலயம்

திருச்சியில் கிறிஸ்துமஸ் புதிதல்ல. ஜெர்மானியரான சுவார்ட்ஸ் பாதிரியார் 1762-ல் இங்கு வந்தார். தமிழ் கற்றவர். 1766-ல் கோட்டைப் பகுதியில் ஓர் ஆலயம் கட்டினார். அது இன்றும் இருக்கிறது. தெப்பக்குளத்தின் அருகே லூர்து மாதா கோவிலின் கோபுரம் வானளாவ நிற்கிறது.

பலகாரத் தட்டு

வீட்டில் மாட்டுக் கொட்டில் போலக் குடில் அமைப்பார்கள். அதில் குழந்தை ஏசுவின் பொம்மையை வைப்பார்கள். நள்ளிரவில் பூசை. காலையில் புத்தாடை. அச்சுமுறுக்கும் அதிரசமும் கேக்கும் தட்டில் ஏறி, அடுத்த வீட்டுக்குப் போகும்.

அந்தத் தட்டு கணக்குத் தீர்க்காமல் இருப்பதில்லை. தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கு வரும். பொங்கலுக்குக் கரும்பு வரும்.

கனடா அனுப்பும் மரம்

கனடா நாட்டில் கிறிஸ்துமஸ் சமயத்தில் உறைபனி. வீட்டுக்குள் மரம் வைத்து விளக்கு அலங்காரம் செய்வார்கள். அங்கேயும் ஒரு 'பலகாரத் தட்டு' உண்டு!

1917 டிசம்பர் 6-ந் தேதி ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்றில் வெடிமருந்து. அது வெடித்ததில் 1,700 பேருக்கு மேல் மாண்டனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் செய்தி கேட்டது. அன்றிரவே மருத்துவர்களையும் மருந்துகளையும் ரயிலில் அனுப்பியது.

மறு ஆண்டு, நன்றியாக ஒரு கிறிஸ்துமஸ் மரம் பாஸ்டனுக்குப் போயிற்று. 1971-ல் இருந்து ஆண்டுதோறும் ஒரு பெரிய மரம் போகிறது. ஆபத்தில் உதவியவர்களை, நூறாண்டு கடந்தும் அவர்கள் மறக்கவில்லை.

மரமானால் என்ன, முறுக்கானால் என்ன? அடுத்தவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் பண்டிகை நிறைவு பெறுகிறது.